அச்சு அசல் என்று நான் சொன்ன கிட்டார்

கிட்டார் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வாடிக்கையாளர் முதலில் விலை கேட்க மாட்டார். "இந்த ரீஇஷ்யூ வாங்கலாமா?" என்றுதான் கேட்பார். நீங்கள் உடனே போனைத் திறந்து எவனோ ஒருவன் தாடியைத் தடவிக்கொண்டு பேசும் வீடியோவைக் காட்டுவீர்கள். பார்த்திருக்கிறேன். அதைக் காட்டக் கடை எதற்கு, கடையில் நீங்கள் எதற்கு?

ரீஇஷ்யூ என்றால் என்ன என்று என் பாஷையில் சொல்கிறேன். அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்தது. பிறகு அதை விட்டுவிட்டது. பழைய கிட்டார்களுக்குக் கிராக்கி வந்ததும், அதே அளவு, அதே நிறம், அதே திருகாணி என்று மறுபடி செய்து அதிக விலைக்கு விற்கிறது. நேற்று வைத்த மீன்குழம்புதான் ருசி என்று ஊர் சொன்னதும், இன்று வைத்த குழம்பில் 'நேற்று' என்று சீட்டு ஒட்டி விற்பது போலத்தான்.

நான் ஈப்போவில் ஒரே கடையில், ஒரே மேசையில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கிட்டார் பழுது பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு இனிமையாகப் பேச வராது. தவுக்கே, அதாவது முதலாளி, என்னைக் கடையின் பின்பக்கம் உட்கார வைத்ததே அதனால்தான். ஆனால் பெரிய விலையில் ஏதாவது விற்பதென்றால் முன்னால் கூப்பிடுவார். "மணியம் பார்த்துவிட்டார்" என்று சொன்னால் வாடிக்கையாளர் நம்புவார்கள். அந்த நம்பிக்கையை நான் எப்படிப் பாழாக்கினேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு பல் டாக்டர் கதை. சிறியதுதான்.

இப்போது சில ரீஇஷ்யூக்களைக் கம்பெனியே தேய்த்து, கீறி, பெயின்ட்டைச் சுரண்டி அனுப்புகிறது. பழசு போலத் தெரிய வேண்டுமாம். அதற்குக் கூடுதல் விலை. பல் டாக்டர் அப்படி ஒன்றை வாங்கினார். முதுகில் பெல்ட் பக்கிள் உரசிய மாதிரி பெரிய வட்டம், முழங்கை படும் இடத்தில் மரம் தெரிய ஒரு வழுக்கை. மூன்றாவது வாரம் முகம் வெளுத்து ஓடி வந்தார். நாற்காலியில் இடித்துவிட்டாராம், அரை அங்குலத்துக்கு ஒரு கீறல்.

"இத மறைக்க முடியுமா மணியம்?"

"டாக்டர், இதுல ஏற்கனவே நாப்பது கீறல் இருக்கு."

"அது கம்பெனி போட்டது லா. இது நான் போட்டது."

அவர் கிட்டாரில் அவருடையது என்று இருந்தது அந்த ஒரு கீறல்தான். அதைத்தான் அழிக்கச் சொன்னார். அழித்துக் கொடுத்தேன். நம் வேலை அப்படி. ஆனால் அந்த மாதிரி ஆளிடம் வாங்கலாமா வேண்டாமா என்று பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் வாங்குவது கிட்டார் இல்லை. சுவரில் மாட்டுகிற படம். ஆணி பலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி என் தப்பு.

தங்கராஜு எனக்குச் சிநேகிதன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவன். இளவயதில் தோட்டத்து ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தான். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியானதும் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனான். அவனிடம் ஒரு பழைய அமெரிக்க கிட்டார் இருந்தது. நீலமும் பச்சையும் கலந்த நிறம். மகள் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அதைக் கோலாலம்பூர்க்காரர் ஒருவருக்கு விற்றான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தான். மகள் இப்போது லூமுட்டில் ஆசிரியை. தனக்காக அப்பா விற்ற கிட்டாரைப் போலவே ஒன்று ரீஇஷ்யூவாக வந்திருப்பதை எங்கள் கடையின் இண்டர்நெட் பக்கத்தில் பார்த்து, வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணம் கொடுத்திருக்கிறாள்.

"மச்சான், நீ பாத்து சொல்லு. நீ சரின்னா சரி. அந்த இண்டர்நெட்டுகாரனுங்க பேச்செல்லாம் எனக்கு வேணாம் லா."

"இந்த வயசுல உனக்கு என்னத்துக்குடா இது?"

"அம்மனுக்கு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு டவுனிலிருந்து மேளக்காரர்களை வரவழைக்க எப்போதும் வசதி பற்றாது. ஒரு வருடம் வருவதாகச் சொன்ன நாதஸ்வரக்காரர் வரவில்லை. ரதம் லயத்து வாசலில் நிற்கிறது, ஊதுவதற்கு ஆளில்லை. ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் உட்கார்ந்திருந்த தங்கராஜு கிட்டாரிலேயே நாதஸ்வரம் மாதிரி கம்பியை இழுத்து இழுத்து வாசித்து ரதத்தை உள்ளே அழைத்தான். அடுத்த வருடமும் அவனையே வாசிக்கச் சொன்னார்கள். அதற்கு அடுத்த வருடம் கேட்கவே இல்லை, அவன் வாசிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கிட்டார் கூப்பிடாமல் அந்த அம்மன் வாசல் தாண்ட மாட்டாள் என்று தோட்டத்துச் சனங்கள் சொல்வார்கள். மேளம் வைக்க வசதி வந்த பிறகும் வைக்கவில்லை.

அவன் கிட்டாரை விற்ற பிறகு போனில் நாதஸ்வரத்தைப் போட்டு ஸ்பீக்கரில் விட்டிருக்கிறார்கள்.

"போன வருசம் நடுவுல விளம்பரம் வந்திருச்சு," என்றான் தங்கராஜு. "ஆத்தா ரதத்துல நிக்கிறா, ஸ்பீக்கர்ல ஒருத்தி சவுக்காரம் விக்கிறா. கெழவிங்க எல்லாம் என்னையத் திரும்பிப் பாக்குதுங்க. நான்தான் வித்த மாதிரி."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்த நிலத்தில் வீடு கட்டப் போகிறார்கள். கோயிலைச் சாலையோரம் வேறு துண்டு நிலத்துக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார்கள். லயத்து வாசல் வழியாக ரதம் வருவது இதுதான் கடைசித் தடவை. வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஜோகூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தங்கராஜு வாசிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான்.

கிட்டாரை மேசையில் வைத்து நான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் தெரியுமா? பூதக் கண்ணாடி வைத்து. திருகாணித் தலை, பிளாஸ்டிக் தகடு எத்தனை அடுக்கு, சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பில் கம்பி சுற்றிய விதம், பெயின்ட் எவ்வளவு மெல்லியது, எடை. ஒன்றிலும் குறை இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களும் நான் சொல்வதை வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலை கனத்துப்போனது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆகமம் சொல்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

தங்கராஜு ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாக இரண்டு கார்டு வாசித்தான். கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவனுக்குக் கூச்சம். கம்பியை இழுக்கவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"என்னமோ ஒரு மாதிரி இருக்கு மச்சான்."

"புதுசு லா. உன் விரல் துருப்பிடிச்சுப் போச்சு. அச்சு அசல் அதே கிட்டார்தான். கண்ண மூடிட்டு வாங்கு."

இதுதான் நான் செய்த தப்பு. இதை எழுதும்போது இன்றும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது. வாங்குகிறவனுடைய கை "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்கிறது. பூதக் கண்ணாடி வைத்திருக்கிறவன் "உன் கைதான் சரியில்லை" என்கிறான். நீங்களும் ஒரு நாள் இதைச் செய்வீர்கள். செய்யாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

பில் போட்டது ஷாமினி. கடை மேலாளர், முப்பது வயதுகூட இருக்காது, கடையின் இண்டர்நெட் விற்பனையெல்லாம் அவள் கையில். கிட்டாரோடு ஒரு தோல் உறையில் 'அசல் மறுவடிவம்' என்று தங்க எழுத்தில் அச்சடித்த தடித்த அட்டைச் சான்றிதழ் வந்தது. அதை அவள் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். தங்கராஜு அதைப் பார்க்கக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, கிட்டார் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

"ஐயோ அங்கிள், பெயின்ட்ல பட்டா வாரன்டி போயிரும்."

"வாரன்டி கம்பெனிக்காரன் குடுக்கிறதும்மா. இது வேற ஆள் குடுக்கிறது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் என் மேசைக்குப் போய்க் கோப்பி குடித்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை, கடை கதவு திறந்ததும் வந்து நின்றான். சவரம் செய்யவில்லை. பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்து உட்கார்ந்தான். ரதத்தை அழைக்கும் அந்த வாசிப்பைத் தொடங்கினான். கழுத்தின் மேல்பகுதிக்குப் போய் ஒரு கம்பியை இழுத்தான். நாதஸ்வரம் அழுது மேலே ஏறுகிற இடம். சத்தம் பாதியில் செத்தது. கழுத்தை நெரித்த மாதிரி ஒரு 'டிக்'. மறுபடி இழுத்தான். மறுபடி டிக்.

"பத்து நாளா இப்படித்தான் மச்சான். மொதல்ல என் விரல்தான் சரியில்லன்னு நெனச்சேன். நீதான் சொன்ன. ராத்திரி பகல்னு வாசிச்சேன். பாரு." இடது கையை நீட்டினான். விரல் நுனிகள் தோல் உரிந்து கிடந்தன. "பொண்ணு போன் பண்ணி எப்படிப்பா இருக்குன்னு கேக்குது. நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டேன்."

நான் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக் கழுத்துப் பலகையின் குறுக்கே வைத்தேன். விரல் வைத்து அழுத்துகிற அந்தப் பலகை நடுவில் மேடாக, கூரை ஓட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருந்தது. அந்தக் காலத்துக் கம்பெனி அப்படித்தான் செய்தது. சும்மா கார்டு பிடித்துப் பாடுகிறவர்களுக்கு அந்த வளைவு கைக்கு இதமாக இருக்கும். ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் நீளமாக இழுத்தால் அது அந்த மேட்டின் முதுகில் முட்டிச் செத்துப்போகும்.

ஸ்கேலைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. இதே மேசை. இதே மாதிரி ஸ்கேல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்கராஜு அவனுடைய பழைய கிட்டாரைக் கொண்டுவந்து இதே குறையைத்தான் சொன்னான். நான் பலகையில் குறுக்கே பதித்திருந்த ஃபிரெட் கம்பிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, பலகையின் மேட்டைத் தேய்த்துத் தட்டையாக்கி, தடிமனான ஃபிரெட் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அந்தக் கிட்டார் நாதஸ்வரம் ஊதியது.

எப்படி மறந்தேன் என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. மறைத்தேன். அவன் கிட்டாரை விற்ற சில மாதத்தில் அதை வாங்கிய கோலாலம்பூர்க்காரர் கடைக்கு வந்தார். பழைய கிட்டார் சேகரிக்கிறவர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கிட்டாரைத் தொடுவார். யாரோ பலகையைத் தேய்த்துப் பாதி மதிப்பைக் கெடுத்துவிட்டார்கள், ஈப்போவில் எந்தக் கசாப்புக்காரன் இதைச் செய்தான் என்று என்னிடமே கேட்டார். தவுக்கே பக்கத்தில் நின்றார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஒரே சொல். சொல்லிவிட்டு அந்த வேலையை நான் செய்யவே இல்லை என்று எனக்கு நானே பழக்கிக்கொண்டேன். பதினைந்து வருடத்துக்கு மேல் பழக்கினால் எதுவும் பழகிவிடும்.

தங்கராஜுவிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"உன் பழைய கிட்டார் பலகைய நான்தான் தேச்சேன். இது கம்பெனி செஞ்ச மாதிரியே இருக்கு. உன்னோடது அப்படி இல்ல. நான் கெடுத்தது அது."

"நீ ஃபிரெட் மாத்துறேன்னுதானே சொன்ன."

"பலகையும் தேச்சேன். உனக்கு வெளங்காதுன்னு சொல்லல."

அவன் பலகையை விரலால் தடவினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் கே.எல். காரன் எனக்குப் போன் போட்டான் தெரியுமா? எவனோ கெடுத்தத நல்லதுன்னு சொல்லி வித்துட்டேன்னு. திருடன்னு சொன்னான். நான் சத்தியம் பண்ணேன், பலகைய யாரும் தொடல சார், ஈப்போவுல மணியத்தக் கேட்டுப் பாருங்கன்னு. உன்னையக் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சரி. சனிக்கெழமைக்கு என்ன பண்ணலாம், அதச் சொல்லு."

ஷாமினியைக் கூப்பிட்டேன். அவள் கெட்டிக்காரி, அதை மறுக்க மாட்டேன். கேட்டதும் சட்டென்று வழி சொன்னாள். இன்னும் பதினான்கு நாள் முடியவில்லை, மாற்றிக்கொள்ளலாம். அதே கம்பெனியின் புது மாடலில் பலகை தட்டையாகவே வரும், அதே நிறமும் கிடைக்கும். ஆனால் கோலாலம்பூரிலிருந்து வர மூன்று வாரம்.

"சனிக்கெழம ரதம்மா," என்றான் தங்கராஜு.

"அப்ப சனிக்கிழமைக்கு வேற கிட்டார் எதாச்சும் கடையில இருந்து எடுத்துக்கங்க அங்கிள். நான் லோன்ல தாரேன்."

அதுவும் நியாயமான பேச்சுதான். சுவரில் மாட்டியிருந்த தட்டைப் பலகைக் கிட்டார்களில் மூன்றை எடுத்துக் கொடுத்தோம். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. கடைக்கு வந்தவர்களை ஷாமினி வெளியே நிறுத்தினாள். அவன் ஒவ்வொன்றிலும் அந்த இடத்தை வாசித்தான். கம்பி சாகவில்லை. ஆனால் மூன்றும் கத்தின. அந்தக் கம்பெனியின் பழைய மாதிரி பிக்கப்புக்கு ஒரு மூக்கடைத்த குரல் உண்டு. அதுதான் நாதஸ்வரம். அதை ரீஇஷ்யூவில் உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தார்கள். ஏமாற்று இல்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்த வீடியோக்காரர்கள் மாதிரிதான்.

ஆக குரல் சரி, கழுத்து தப்பு. தேய்த்தால் சரியாகும். தேய்த்தால் வாரன்டி போகும், மாற்றிக்கொள்ள முடியாது, விற்றால் பாதி விலை. கை தவறினால் மகள் வாங்கிக் கொடுத்த கிட்டார் விறகு. என் கண் முன்போல் இல்லை. அந்த வேலையைப் பதினைந்து வருடமாகத் தொடவில்லை. கையில் இருப்பது மூன்று நாள்.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்கள் செய்வது ஒன்று உண்டு. "உங்க இஷ்டம் அண்ணே, நீங்க சொன்னா செய்யிறேன்" என்று பாரத்தை வாடிக்கையாளர் தலையில் இறக்குவது. பணிவு மாதிரி தெரியும். சுத்தமான கோழைத்தனம். அவனுக்கு வேலை தெரியாது, உனக்குத் தெரியும். முடிவை நீ சொல்ல வேண்டும், கெட்டால் நீ நிற்க வேண்டும்.

"தேய்க்கிறேன்," என்றேன். "கெட்டுப்போச்சுன்னா உன் மககிட்ட நான் வந்து பேசுறேன்."

"கெடுத்தாதான மச்சான் நல்லா இருக்கும். இப்பதான சொன்ன?" என்று முதல் தடவையாகச் சிரித்தான்.

ஷாமினி வேலைச் சீட்டை எடுத்தாள். எங்கள் கடையில் ஒவ்வொரு வேலைக்கும் சீட்டில் செய்கிறவர் பெயர் எழுத வேண்டும். விலையைக் கெடுக்கிற வேலை எதற்கும் நான் பெயர் போட்டதில்லை. 'பொதுப் பழுது' என்று எழுதிவிடுவேன். பின்னால் எவனாவது கேட்டால் தப்பித்துக்கொள்ளலாம்.

"இது கடை வேலையா எழுத முடியாது மணியண்ணே. வாரன்டி சாமான். தவுக்கே என்னையத்தான் கேப்பாரு. யாரு பேர எழுத?"

"என் பேர எழுது. பெருசா எழுது."

புதன், வியாழன் இரண்டு நாளும் வேலை. எப்படிச் செய்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை, அது கையால் கற்றுக்கொள்ள வேண்டியது. ஒன்று மட்டும் சொல்கிறேன். புது ஃபிரெட்டுகளைப் பிடுங்கும்போது ஷாமினி பார்க்க முடியாமல் முன்பக்கம் போய்விட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து, தட்டையான பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு லா," என்றாள். பிறகு அவளாகவே போய்ச் சந்தனம் பட்ட இடத்தைத் துடைக்காமல் மற்ற இடமெல்லாம் துடைத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தங்கராஜு வந்து கம்பியை இழுத்தான். மேலே ஏறி, நின்று, நடுங்கி, இறங்கியது. சாகவில்லை.  அவன் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

சனிக்கிழமை நான் போனேன். வழக்கமாகக் கூட்டத்துக்குப் போகிறவன் இல்லை. கோயிலைச் சுற்றிச் செம்பனை, லயங்கள் இருந்த இடத்தில் அளவெடுத்த குச்சிகள். வாசல் மட்டும் இரண்டு சிமென்ட் தூணாக நின்றது. பொழுது சாயும் நேரம் ரதம் வந்து தூணுக்கு வெளியே நின்றது. கூட்டம் பேச்சை நிறுத்தியது. தங்கராஜு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் கிட்டாரை வைத்து, அந்தக் கம்பியை இழுத்தான்.

எனக்குப் பக்கத்தில் ஒரு அக்கா, யாரென்று தெரியாது, கையைக் கூப்பியபடியே சொன்னார்: "அவன் கிட்டார திரும்ப வாங்கிட்டானா? அதேதான், அந்தக் கொரலு."

நான் மறுக்கவில்லை. ரதம் உள்ளே போனது.

சரி, கடைக்குத் திரும்புவோம். ரீஇஷ்யூ வாங்கலாமா என்று கேட்கிற ஆளிடம் திருகாணி பற்றிப் பேசாதீர்கள். என்ன வாசிக்கப் போகிறார் என்று கேளுங்கள். அவர் வாசிக்கும் விதத்தில் உட்கார வையுங்கள். கடையைக் காலி செய்துவிட்டு வாயை மூடுங்கள். அவர் நினைவில் வைத்திருக்கும் அந்தப் பழைய கிட்டாரை இடையில் யார் யார் எப்படியெல்லாம் கெடுத்தார்கள் என்று விசாரியுங்கள். கம்பெனி தான் செய்ததைத்தான் திருப்பிச் செய்யும். நாம் செய்தது அதன் கணக்கிலேயே வராது. புதிதாக வாங்கியதையும் கெடுக்கத் துணிவு இருந்தால் வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பல் டாக்டர் மாதிரி ஆணி அடித்துக்கொள்ளட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பலகையைத் தேய்த்தால் அதன் உயரம் குறையும். கழுத்தும் உடம்பும் சேரும் பள்ளத்தில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கழுத்தைச் சற்றுச் சாய்க்க வேண்டும். வியாழக்கிழமை அதற்கு அட்டை தேடினேன். மேசையில் அந்தத் தோல் உறை கிடந்தது. 'அசல் மறுவடிவம்' சான்றிதழ் நல்ல தடிப்பான அட்டை. கத்தரித்தேன். தங்க எழுத்து இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்தேன். மேல் பக்கத்தில் பென்சிலால், 'பலகையைத் தேய்த்தது மணியம், ஈப்போ. இதற்கு முந்தியதையும் நான்தான்' என்று எழுதி, கழுத்தை வைத்துத் திருகாணி நான்கையும் முடுக்கினேன்.

அது உள்ளே இருக்கிறது. இனி எந்த வெள்ளைக் கையுறைக்காரனாவது அதை வாங்கிக் கழற்றிப் பார்த்து, எந்தக் கசாப்புக்காரன் செய்தான் என்று கேட்டால், தங்கராஜுவுக்குப் போன் போட வேண்டியதில்லை.